லைன் வீட்டுப் பிள்ளை கதைப் புத்தகத்தில் வருமா? மூன்றாம் வகுப்புக்குப் புத்தகம் தேடுகிறேன்

கேள்வி: நொய்யல்கரைப் பொண்ணு

வணக்கமுங்க. தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் வருசம் படிக்கிறேன். ஊர் அவிநாசிக்குப் பக்கம். கற்பித்தல் பயிற்சிக்குத் திருப்பூரை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் போட்டிருக்கிறார்கள், மூன்றாம் வகுப்பு. படித்து முடித்து, தகுதித் தேர்வு எழுதி, எனக்கென்று ஒரு வகுப்பு கிடைக்க இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் அந்த வகுப்பின் மூலையில், கயிற்றில் என்னென்ன கதைப் புத்தகம் தொங்க வேண்டும் என்பது இப்போதே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் நீளமாகக் கேட்கிறேன், பொறுத்துக்குங்க.

எங்க வகுப்பைச் சொன்னால்தான் கேள்வி புரியும். உள்ளூர்ப் பிள்ளைகள் கொஞ்சம். தேனி, மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள் கொஞ்சம். காலனிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் வருசா வருசம் எச்சாகிக்கொண்டு வருகிறார்கள் என்று வகுப்பு ஆசிரியை சொல்கிறார். அப்பா அயர்னிங், அம்மா செக்கிங் அல்லது பிசிறு வெட்டுவது, ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு மேல்தான் வீடு. ஒரு பெண் காது மிஷின் போட்டிருக்கிறாள். ஒரு பையனை அம்மாயிதான் வளர்க்கிறார். எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்.

எங்க விரிவுரையாளர் வகுப்பில் ஒரு விசயம் சொன்னார். 1965-ல் அமெரிக்காவில் நான்சி லாரிக் என்ற அம்மையார், மூன்று வருசத்தில் அங்கே வெளிவந்த 5,206 சிறுவர் புத்தகங்களைக் கணக்கெடுத்தார். ஒரே ஒரு கறுப்பினத்தவராவது தலைகாட்டிய புத்தகம் அதில் 349 மட்டும். நூற்றுக்கு ஏழுகூட இல்லை. அந்த 349-லும் பாதிக்கு மேல் வெளிநாட்டிலோ இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்திலோ நடக்கிற கதை. அக்கம்பக்கத்தில் இன்றைக்கு வாழ்கிற கறுப்பினப் பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அவரை இந்த வேலையில் இறக்கிவிட்டது, "ஏன் எப்பவும் வெள்ளைக்காரப் பிள்ளைகளாகவே வருகிறார்கள்?" என்று ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி கேட்ட கேள்வி.

அதைக் கேட்ட பொறவு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தலைமை ஆசிரியையிடம் சாவி வாங்கி, எங்க பள்ளி பீரோவில் இருக்கிற கதைப் புத்தகத்தை எல்லாம் வெளியே எடுத்துப் பரப்பி வைத்துப் பார்த்தேன். முக்கால்வாசி மிருகக் கதை. அடுத்தது ராஜா கதை. இரண்டும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மனுசப் பிள்ளை வருகிற கதையில்தான் என் கேள்வி இருக்கிறது. ஓட்டு வீடு, வாசலில் கோலம், அப்பா கையில் பேப்பர், அம்மா அடுப்படியில். அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் பழைய செருப்போ சோறோ வாங்கிக்கொள்கிற இன்னொரு பிள்ளைக்குப் பெயர் இல்லை, "ஏழைச் சிறுவன்" என்று மட்டும் போட்டிருக்கிறது. கால் முடியாத பிள்ளை வந்தால் கடைசிப் பக்கத்தில் மெடல் வாங்கியாக வேண்டும். சும்மா விளையாடிவிட்டு வீட்டுக்குப் போக அந்தப் பிள்ளைக்கு அனுமதியே இல்லை. வடக்கிலிருந்து வந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஒரு புத்தகத்திலும் இல்லை.

நான் கேட்பது இதுதான். எங்க பிள்ளைகள் கதையில் வர வேண்டும், ஆனால் பாவப்பட்ட பிள்ளையாக வந்து நிற்கக் கூடாது. சேட்டை பண்ண வேண்டும், பொய் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டும், புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்த சின்னச் சின்னப் புத்தகங்கள். அவற்றைப் பிள்ளைகள் போட்டி போட்டு எடுக்கிறார்கள். அதில் ஒன்றில் தகரக் கூரை போட்ட வீடு வரிசையாக இருக்கிற மாதிரி ஒரு படம். ஒடிசாப் பையன் ஒருத்தன், மைதானத்தில் தமிழில் சண்டை போடுவான், புத்தகத்தைக் கொடுத்தால் வாயே திறக்க மாட்டான். அந்தப் பக்கம் வந்ததும் விரலை வைத்து, "டீச்சர், எங்க லைன் வீடு" என்றான். அப்புறம் படத்தில் ஒரு கதவைத் தொட்டு, "இங்க தண்ணி டிரம் இருக்கணும்" என்றான். கதவுக்குக் கீழே இருந்த இரண்டு வரியை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பார்த்தான். நான் கேட்கவே இல்லை, அவனாகவே பார்த்தான்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். ஆட்டுக்குட்டியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற ஒரு பெண்பிள்ளையின் கதையை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இந்தப் புள்ள என்ன ஆளுங்க?" என்று கேட்டான். எட்டு வயசு. "கதையில அது இல்லையே கண்ணு, குட்டி கிடைச்சுதா இல்லையான்னு பாப்போம் வா" என்று சொல்லி மேலே படித்தேன். இது போதுமா? நாளைக்கு என் சொந்த வகுப்பில் இதே கேள்வி வந்தால் நீங்கள் எல்லாம் என்ன செய்வீர்கள்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

பதில்: பனியன் ஊர் டீச்சர்

தங்கச்சி, உங்க வகுப்பும் என் வகுப்பும் ஒண்ணுதான் போல. வேலையில் சேர்ந்ததிலிருந்து இதே திருப்பூர்தான் எனக்கு. முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்துக்குப் போய்ப் பாருங்க. 2015-லிருந்து நடக்கிறது. ஒரே கதை தமிழில் இருக்கும், ஒடியாவில் இருக்கும், இந்தியில் இருக்கும். இலவசம். இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், நாமே மொழிபெயர்த்து ஏற்றவும் உரிமை கொடுத்திருக்கிறார்கள். படிநிலை ஒன்று, இரண்டு என்று போட்டிருப்பதால் அரும்பு, மொட்டு, மலர் என்று படிக்கிற திறனைப் பார்த்துப் பிரித்திருக்கிற பிள்ளைகளுக்குத் தகுந்த மாதிரி எடுக்க வசதி. அச்சுப் புத்தகம் என்றால் சென்னையில் தூலிகா 1996-லிருந்து படப் புத்தகம் போடுகிறார்கள், இரண்டு மொழியும் ஒரே பக்கத்தில் வருகிற புத்தகங்களும் உண்டு. விலையைப் பார்த்தால் பள்ளிக்கு நாலைந்துதான் வாங்க முடியும், ஆனால் அந்த நாலைந்து நிற்கும்.

ஒடியாப் புத்தகம் கொடுத்தால் பையன் படித்துவிடுவான் என்று நினைக்காதீங்க. பேச்சு வரும், எழுத்து தெரியாது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் கைக்குழந்தையில் வந்த பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. நான் என்ன செய்கிறேன் என்றால், ஒரே கதையைத் தமிழிலும் ஒடியாவிலும் அச்செடுத்துப் பிள்ளையிடம் கொடுத்து விடுவேன். அப்பா அம்மாவில் படிக்கத் தெரிந்தவர் யாரோ அவர் ஞாயிற்றுக்கிழமை லீவில் அதைச் சத்தமாகப் படித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவார். திங்கட்கிழமை வகுப்பில் அதைப் போட்டுவிட்டு அதே பக்கத்தைத் தமிழில் நான் படிப்பேன். முதல் தடவை ஒரு அப்பா அனுப்பிய பதிவில் பின்னால் குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் கேட்டது. வகுப்பே அமைதியாக உட்கார்ந்து கேட்டது. உள்ளூர்ப் பிள்ளைகள் "மறுக்கா போடுங்க டீச்சர்" என்றார்கள். அந்தப் பையன் அன்றைக்கு எல்லாருக்கும் அர்த்தம் சொல்கிற வாத்தியார். மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும் என்பதை வகுப்பு பார்த்தது. அதற்குப் பொறவு தமிழ்ப் பக்கத்தைப் படிக்க அவனை நான் கெஞ்ச வேண்டியதில்லை.

படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் கதையை நீங்கள் இந்தியிலோ தமிழிலோ சொல்லிவிட்டு அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லுங்க. அதுவும் பதிவுதான். "எனக்குப் படிப்பு வராதுங்க" என்று ஒதுங்குகிற அம்மாக்கள்தான் கதையை நல்லாச் சொல்கிறார்கள்.

பதில்: காங்கேயம் அப்பா

நல்ல எண்ணத்தில் கேட்கிறீங்க, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெற்றோராக என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிறது. முதலில் அதைச் சரி பண்ணுங்க. நரியும் காக்காயும் வந்தால் என்ன, லைன் வீடு வந்தால் என்ன, எழுத்து ஒன்றுதான். நாங்களும் அதே நரிக் கதையைப் படித்துத்தான் ஆளானோம். அதோடு சாதி, வெளியூர்க்காரன், உள்ளூர்க்காரன் என்கிற பேச்செல்லாம் அந்த வயசுக்கு வேண்டாம். தெரியாத பிள்ளைக்கு நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: நொய்யல்கரைப் பொண்ணு

அண்ணா, உங்க பயம் எனக்குப் புரிகிறது. என் அப்பாவும் இதையேதான் சொன்னார். ஆனால் "என்ன ஆளுங்க" என்ற கேள்வியை அந்தப் பையனுக்கு எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுக்கவில்லைங்க. புத்தகத்தில் சாதி என்ற சொல்லே கிடையாது. வீட்டில் ஒறம்பரை வந்தால் பெரியவர்கள் முதலில் விசாரிப்பதை அவன் கேட்டு வளர்ந்திருக்கிறான், கதையில் புதிதாக ஒரு ஆள் வந்ததும் அதே மாதிரி விசாரித்தான். தெரியாத பிள்ளைக்கு நாம் எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

எழுத்து ஒன்றுதான் என்பதும் சரிதான். ஆனால் படிக்கத் திணறுகிற பிள்ளை ஒரு வரியோடு மல்லுக்கட்ட ஒரு காரணம் வேண்டும் இல்லையா? அந்தப் பையனுக்கு அந்தத் தகரக் கதவு காரணமாக இருந்தது. நரிக் கதையைக் கீழே போடச் சொல்லவில்லை அண்ணா, அதன் பக்கத்தில் இன்னும் நாலு வைக்கலாம் என்கிறேன்.

பதில்: நூலகத்தக்கா

நான் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறேன். காலனியில் பிறந்தவள், வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். அதனால் இதை இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கேள்வி வகுப்பில் விழுந்ததும் நீங்க கேட்ட பையனைப் பார்த்திருப்பீங்க. எல்லா டீச்சரும் அவனைத்தான் பார்ப்பார்கள். அந்த நிமிசத்தில் பாயில் தலையைக் குனிகிற பிள்ளை ஒன்று இருக்கும். அடுத்த தடவை முதலில் அந்தப் பிள்ளையைப் பாருங்க. பார்த்தது அதற்குத் தெரியவும் வேண்டாம். கதையைத் தொடர்ந்து படிக்கும்போது அதன் பக்கம் திரும்பிப் படியுங்க, போதும். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது என் பக்கம் திரும்பிப் படித்த ஒரு டீச்சரால்தான் இன்றைக்குப் புத்தகத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

கதைக்கு நடுவில் காலனிப் பிள்ளையை எழுப்பி, "உங்க வீட்டுல எப்படி? சொல்லு பாப்போம்" என்று கேட்டுவிடாதீங்க. நல்ல மனசோடு செய்வார்கள். ஆனால் அந்தப் பிள்ளை அன்றைக்கு முழுக்க எல்லார் கண்ணிலும் நிற்கும். கதையில் வருகிற பெண்ணைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசுங்க. அவளுக்கு வலிக்காது.

பாவப்பட்ட பிள்ளை என்று நீங்க எழுதியதைப் படித்தபோது மனசு நிறைந்தது. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்க. எங்க பிள்ளை கதையில் வந்தால் ஒன்று அழும், இல்லையென்றால் தப்பட்டை அடிக்கும். தப்பட்டை எங்க பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்க அப்பன் எனக்கு வாடகை சைக்கிள் எடுத்துக் கொடுத்து, பின்னாலேயே ஓடிவந்து ஓட்டப் பழக்கினார். பாதி தூரத்தில் கையை விட்டுவிட்டு, "புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்" என்று கத்திக்கொண்டே வந்தார். வாய்க்கால் மேட்டில் நான் விழுந்தபோது அவர் எங்கேயோ தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். இந்தக் கதையை யாரும் எழுதவில்லை. நூலகத்துக்கு வருகிற எங்க தெருப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால், "அக்கா, அது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று அலமாரியில் தேடுகிறார்கள்.

பதில்: தாளவாடி வாத்தியார்

ஈரோடு மாவட்டம்தான் என்றாலும் நாங்கள் இருப்பது திம்பம் மலைப்பாதைக்கு மேலே. இங்கே பிள்ளைகளின் வீட்டுமொழி பெரும்பாலும் கன்னடம். சோளகர் பிள்ளைகளுக்கு வீட்டில் அவர்கள் பேச்சு தனி. தமிழ்ப் பாடப் புத்தகம் அவர்களுக்கு மூன்றாவதாக வந்து சேர்கிற மொழி.

இங்கே வந்த புதிதில் நகரத்திலிருந்து ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த படப் புத்தகம் ஒன்றை வகுப்பில் விரித்தேன். யானைக் குட்டி தொப்பி போட்டுக்கொண்டு பிறந்தநாள் கேக் வெட்டுகிறது. அழகான படம். பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை, "சார், இது ராகி தின்னுமா?" என்று கேட்டாள். அவள் அப்பா அந்த வாரம் முழுக்க ராத்திரி காட்டில் பரண் மேல் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தார், அவர்கள் ராகியைப் பாதி யானை மிதித்துவிட்டது. அடுத்த அரைமணி நேரம் அந்த வகுப்பில் நான் பேசவே இல்லை. யானை வந்தால் நாய் எப்படிக் குரைக்கும், பன்றி வந்தால் எப்படி, தகரம் எப்படித் தட்ட வேண்டும், பட்டாசு நமுத்துப்போனால் என்ன பண்ணுவது, எந்த யானை ஒற்றையாக வரும், எதற்குப் பயப்பட வேண்டும், எது தானாகப் போய்விடும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். யானை மேல் ஒருத்தருக்கும் கோபம் இல்லை, அதையும் கவனித்தேன். "அதுக்கும் பசிக்கும்ல சார்" என்றான் ஒருவன்.

அன்றைக்கே அதைப் புத்தகமாக்கினோம். தாளை நடுவில் மடித்து, அட்டைக்குப் பழைய காலண்டர், கோணி ஊசியால் நூல் தையல். படம் பிள்ளைகள் போட்டது. எழுத்து மேலே கன்னடத்தில், கீழே தமிழில், கன்னட வரி எழுதப் பக்கத்துக் கன்னட வழிப் பள்ளி ஆசிரியர் உதவினார். மற்ற எல்லாப் புத்தகத்தையும்விட அதுதான் சீக்கிரம் கிழிந்தது, அத்தனை கை பட்டிருக்கிறது. திரும்பத் தைத்து வைத்திருக்கிறோம். பதிப்பகம் போடட்டும் என்று காத்திருக்காதீங்கம்மா. லைன் வீட்டுக் கதை வேண்டுமென்றால் அதை எழுதக்கூடியவர்கள் உங்க பாயிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். உங்க சொந்த வகுப்புக்கு மலைப்பிள்ளைகள் வருகிற புத்தகம் வாங்கினால், இடுப்பில் இலை கட்டி வில்லோடு நிற்கிற படம் இருந்தால் வாங்காதீங்க. எங்க பிள்ளைகள் சீருடை போட்டு, தலை வாரி, டவர் கிடைக்கிற பாறை எது என்று சொல்லக்கூடியவர்கள். உங்க திருப்பூர்ப் பிள்ளை அந்தப் படத்தைத்தான் நம்பும், அதற்கு வேறு வழி இல்லை.

பதில்: கோபி ஹெச்.எம். (ஓய்வு)

நாலைந்து நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். பீரோவைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கண்ணு, நீ எவ்வளவு நல்ல புத்தகம் சேர்த்தாலும் அது பீரோவுக்குள்ளே போய்விட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஏன் போகிறது தெரியுமா? இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட புத்தகம் தொலைந்தால், கிழிந்தால், தணிக்கையில் தலைமை ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் பூட்டுகிறார்கள். பிள்ளை மேல் பாசம் இல்லாமல் பூட்டுவதில்லை. நான் தலைமை ஆசிரியை ஆனதும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதல் வேலையாக இதைப் பேசினேன். பிள்ளைகள் கையாண்டு கிழிகிற கதைப் புத்தகத்தை ஆண்டுக் கடைசியில் எல்லாரும் பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கழித்துவிடுவது என்று தீர்மானம். குழுவில் இருந்த அம்மாக்கள்தான் முதலில் கை தூக்கினார்கள். அப்புறம் சாவி என்னிடம் இருக்கவில்லை, ஐந்தாம் வகுப்பு லீடர் பெண்ணிடம் இருந்தது. நீ புது டீச்சராகப் போகும் பள்ளியில் இதை நேராகக் கேட்க முடியாது. உன் வகுப்புக் கயிற்றுக்கு முதல் பத்துப் புத்தகம் உன் சொந்தப் புத்தகமாக இருக்கட்டும். அதற்குப் பதிவேடு இல்லை. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வந்தால் சின்னப் புத்தகமாக அள்ளிக்கொண்டு போகலாம். முன்னதாகவே கோவையில் கொடிசியாவில் நடக்கிறது, அதுவும் உனக்குப் பக்கம்தான்.

கதை மட்டும் வாங்காதே. கதை என்றாலே ஓடுகிற பிள்ளைகள் உண்டு, என் அனுபவத்தில் ஆண்பிள்ளைகள் நிறைய. தறி எப்படி ஓடுகிறது, பஞ்சு எப்படி நூலாகிறது, ஆடு எத்தனை மாசத்தில் குட்டி போடும் என்று சொல்கிற புத்தகத்தில் அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன், பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தை முடித்த கையோடு குழந்தைகளுக்கென்று பத்துத் தொகுதி கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார், 1968-ல் தொடங்கி 1976-ல் முடிந்தது. எங்க பள்ளியில் இருந்த தொகுதிகளின் அட்டை எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருக்கும். இன்றைக்குச் செய்தி பழசாகிப் போயிருக்கும், ஆனால் பிள்ளைக்கு எழுதுவதை இத்தனை மதிப்போடு ஒருவர் நம்ம மண்ணிலிருந்து போய்ச் செய்தார் என்பதை உன் பிள்ளைகளிடம் சொல்.

அந்த "என்ன ஆளுங்க" கேள்விக்கு வருகிறேன். நீ சொன்ன பதிலில் தப்பில்லை, கதை நடுவில் அதுதான் சரி. ஆனால் அதோடு விட்டால் கேள்வி வாசலுக்கு வெளியே போய்க் காத்திருக்கும். "நம்ம பள்ளிக்கூடத்துல அதெல்லாம் கேக்கக் கூடாது" என்று மிரட்டினாலும் அப்படித்தான், ரகசியமாகக் கேட்பார்கள். நான் கதை முடிந்த பொறவு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "அது தெரிஞ்சா உனக்கு என்ன ஆகும் சாமி?" என்று கேட்பேன். சத்தம் போடாமல், நிஜமாகவே தெரிந்துகொள்கிற மாதிரி. பெரும்பாலும் பிள்ளைக்குப் பதில் தெரியாது, முழிக்கும். ஒரு பையன் மட்டும் ஒரு தடவை, "தெரிஞ்சாத்தானுங்க டீச்சர் அவங்க வூட்டுல தண்ணி குடிக்கலாமான்னு தெரியும்" என்றான். அன்றைக்கு மதியம் வகுப்பில் எல்லாரும் ஒரே குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தோம். நானும் குடித்தேன். சொற்பொழிவு எதுவும் பண்ணவில்லை. சாயங்காலம் அவன் அப்பா பள்ளிக்கு வந்தார், அவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினேன், கோபமாகத்தான் போனார். பையனை மறுநாள் அனுப்பினார். அதற்கெல்லாம் நீ தயாராக இரு.

பதில்: நொய்யல்கரைப் பொண்ணு

எல்லாருக்கும் நன்றிங்க. அச்செடுத்துப் பயிற்சிக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்துக்கொண்டேன்.

அக்கா, நீங்க சொன்னது உண்மை. அன்றைக்கு நான் கேட்ட பையனைத்தான் பார்த்தேன். இனி பாயை முழுக்கப் பார்ப்பேன். உங்க சைக்கிள் கதையை நீங்களே எழுதுங்க அக்கா, மற்றவர் எழுதினால் அந்த "புடிச்சிருக்கேன்" வராது. எழுதிக் கொடுத்தால் படம் எங்க பிள்ளைகள் போடுவார்கள்.

தாளவாடி சார், உங்க யோசனையை வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன், வாரத்தில் ஒரு மதியம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். முதல் புத்தகத்துக்கு என்ன கதை என்று பிள்ளைகளையே கேட்டேன். "தண்ணி வர்ற நாள்" என்றார்கள். லைன் வீட்டில் குழாய்த் தண்ணீர் வருகிற நாளில் யார் குடம் முதலில், யார் தூங்கிவிட்டார்கள், யார் அடுத்தவர் டிரம்மில் கைவிட்டு மாட்டிக்கொண்டார் என்று ஒரே அமளி. உள்ளூர்ப் பிள்ளை, காலனிப் பிள்ளை, ஒடிசாப் பிள்ளை, எல்லார் வீட்டிலும் தண்ணி வருகிற நாள் இருக்கிறது, எல்லாருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. தலைப்பை எத்தனை மொழியில் எழுதுவது என்றுதான் இப்போது சண்டை.

ஹெச்.எம். அம்மா, தண்ணீர்க் குடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்க வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னார்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. காது மிஷின் போட்ட பெண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் சத்தமாக வாசிக்கும்போது அவளுக்குப் பாதிதான் போய்ச் சேருகிறது என்று நினைக்கிறேன். அவள் மாதிரிப் பிள்ளை வருகிற தமிழ்ப் புத்தகம் எனக்குக் கிடைக்கவும் இல்லை.

பதில்: பனியன் ஊர் டீச்சர்

என் வகுப்பில் இருந்திருக்கிறாள் அப்படி ஒருத்தி. வாசிக்கும்போது புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடிக்காதீங்க, இடுப்புக்கு இறக்கிப் பிடியுங்க, உங்க வாய் அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் முதல் வரிசையில், ஜன்னல் வெளிச்சம் உங்க முகத்தில் விழுகிற பக்கம் உட்காரட்டும். நீங்க ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டிப்போகும். படத்தைக் காட்டுவதும் பேசுவதும் ஒரே நேரத்தில் வேண்டாம், படத்தைக் காட்டி நிறுத்தி, அவள் நிமிர்ந்து பார்த்ததும் படியுங்க. ஃபேன் சத்தம் எச்சாக இருந்தால் கதை நேரத்துக்கு மட்டும் நிறுத்திவிடலாம். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருவார், வருகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அவரிடமும் பேசுங்க.

புத்தகத்துக்கு, உங்க "தண்ணி வர்ற நாள்" இருக்கிறதே, அதில் ஒரு பிள்ளையின் காதில் மிஷினை வரைந்துவிடுங்க. அவளையே வரையச் சொன்னால் வயர் எங்கே வரும், எந்தக் காது என்று சரியாகப் போடுவாள். கதையில் அதைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். அவள் விருப்பப்பட்டால் மட்டும் பேட்டரி தீர்ந்து தண்ணி வந்த சத்தமே கேட்காமல் தூங்கிவிட்டதாக ஒரு பக்கம் சேர்க்கலாம். என் மாணவி அப்படி ஒரு கதையைச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தாள். அச்செடுக்கிறபோது சொல்லுங்க, ஒடியா வரிகளை எழுதித் தர எங்க வகுப்பில் ஒரு அப்பா இருக்கிறார்.